பீட்டில்ஸ் என்றால் மோனோவா, ஸ்டீரியோவா என்றும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாசகர்களுக்குப் பிடித்த பாப் ஆல்பங்கள் என்று நீங்கள் வெளியிட்ட பட்டியலில் பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் முன்வரிசையில் இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் 'ரிவால்வர்', 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' என்று பெயர்களை மட்டும் போட்டு விட்டுவிட்டீர்கள். 1963 முதல் 1968 வரை பிரிட்டனில் அவர்களுடைய ஆல்பம் ஒவ்வொன்றும் மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு தனித்தனி மிக்ஸாக வந்தது. மிக்ஸ் என்பது பதிந்த குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமன்படுத்திய இறுதி வடிவம். மோனோவில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும், ஸ்டீரியோவில் இடம், வலம் என்று பிரிந்து வரும். குரலின் அளவு, எதிரொலி இரண்டும் மாறும். சில பாட்டுகளில் வேகமும் நீளமும்கூட மாறும். எந்த மிக்ஸைக் கேட்டார்கள் என்று தெரியாமல் ஒருவரின் விருப்பத்தைப் புரிந்துகொள்வது கடினம். புதிதாகக் கேட்கத் தொடங்கும் இளைஞர்கள் 'வாத்தியம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்' என்று சலித்துப்போய் விலகுவதற்கும் இதுதான் காரணம். அவர்கள் கைக்கு முதலில் கிடைப்பது ஸ்டீரியோ.

முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 14 பாட்டுகளில் பத்து, 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவானவை. இருந்தது இரண்டு டிராக் டேப், அதாவது இரண்டு தனித் தடங்களில் பதியும் நாடா. ஒன்றில் வாத்தியங்கள், மற்றதில் குரல்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அப்படிப் பிரித்தது ஸ்டீரியோவுக்காக அல்ல. பிறகு இரண்டையும் மோனோவாகச் சேர்க்கும்போது குரலைத் தூக்கவும் இறக்கவும் வசதி வேண்டும் என்பதற்காக. அன்றைய பிரிட்டிஷ் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிதான். அதனால் உழைப்பெல்லாம் மோனோவுக்கே போனது. ஸ்டீரியோ எல்பி இசைத்தட்டுக்கு அந்த இரண்டு டிராக்கையும் இடம் வலமாக விரித்து வைத்துவிட்டார்கள். 'லவ் மீ டூ' பாட்டுக்கு இரண்டு டிராக் டேப்பே மிஞ்சவில்லை. ஸ்டீரியோ எல்பியில் இருப்பது மோனோவிலிருந்து செய்த போலி ஸ்டீரியோ. தலைப்புப் பாட்டின் ஸ்டீரியோவில் கடைசிச் சரணத்தில் பாடகர் ஜான் லெனன் வரியைத் தவறவிட்டுத் தடுமாறுவது கேட்கும். மோனோவில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

பேருந்தில் ஆளுக்கு ஒரு இயர்போன் என்று இருவர் பகிர்ந்து கேட்டால் இந்த ஆல்பத்தில் இடது காதுக்காரருக்குக் குரலே ஏறக்குறைய கிடைக்காது. இதற்கு எளிய வழி உண்டு. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்ற பொத்தான் இருக்கிறது. அதை இயக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு காதிலும் வரும். முதல் இரண்டு ஆல்பங்களுக்கு இது பெரும்பாலும் போதும். இரண்டு டிராக்கைச் சேர்ப்பதைத்தான் அன்று ஸ்டூடியோவிலும் செய்தார்கள்.

ஆனால் அதற்குப் பிந்தைய ஆல்பங்களுக்கு இந்தப் பொத்தானை நம்ப வேண்டாம். ஸ்டீரியோவில் நடுவில் வைத்த ஒலி இரண்டு பக்கத்திலும் இருப்பதால், சேர்க்கும்போது தடித்துவிடும். ஓரத்தில் வைத்தது மெலிந்துவிடும். அப்படிக் கிடைப்பது மோனோ மிக்ஸ் அல்ல, ஸ்டீரியோவைப் பிசைந்த கலவை.

1963 அக்டோபரில் நான்கு டிராக் இயந்திரம் வந்தது. நான்கும் நிரம்பியதும் அவற்றை இன்னொரு இயந்திரத்தில் ஒரு டிராக்காகச் சுருக்கி, மிச்ச இடத்தில் மேலும் பதிந்தார்கள். 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' பெரும்பாலும் இப்படி அடுக்கியதுதான். ஒரே டிராக்கில் ஒட்டிப்போன டிரம்ஸையும் கிட்டாரையும் பிறகு பிரிக்க அன்று வழியில்லை. ஸ்டீரியோவில் அந்தக் கட்டு அப்படியே ஒரு மூலையில் போய் உட்காரும். மோனோவில் இடம் என்ற கேள்வியே இல்லை. எது முன்னே, எது பின்னே என்பது மட்டும்தான். ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் அந்த முன்பின்னைத்தான் பீட்டில்ஸை அருகில் வைத்துக்கொண்டு செதுக்கினார்கள். ஸ்டீரியோவை நால்வரும் இல்லாமல் விரைவில் முடித்தார்கள்.

வித்தியாசத்தைச் சோதிக்க 'ஷீஸ் லீவிங் ஹோம்' ஒன்றே போதும். மோனோவில் டேப்பை வேகமாக ஓட்டியிருப்பதால் பாட்டு ஏறக்குறைய அரை ஸ்வரம் உயர்ந்து, விறுவிறுப்பாகப் போகும். ஸ்டீரியோவில் அதே பாட்டு இழுவை. கதையில் வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணின் படபடப்பு மோனோவில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 'லூசி இன் த ஸ்கை'யில் குரல் சுழல்வது போன்ற ஃபேசிங் மோனோவில் நன்றாகத் தெரியும், ஸ்டீரியோவில் மங்கல். தலைப்புப் பாட்டு இரண்டாம் முறை வரும்போது முடிவில் பால் மெக்கார்ட்னி கத்துவது மோனோவில்தான் தெளிவாகக் கேட்கும்.

1966 ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்த 'ரிவால்வர்'தான் அவர்களுடைய சிறந்த ஆல்பம் என்று நினைக்கிறேன். அதில் 'ஐ'ம் ஒன்லி ஸ்லீப்பிங்' பாட்டின் பின்னோக்கி ஓடும் கிட்டார் இரண்டு மிக்ஸிலும் வேறு வேறு இடங்களில் நுழையும். 'எலினார் ரிக்பி'யின் ஸ்டீரியோவில் சரணங்களின்போது குரல் வலப்பக்கமே நிற்கும். நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ என்று எட்டுத் தந்திக் கருவிகள் மட்டுமே துணை நிற்கும் பாட்டில் பாடகரை ஓரம்கட்டுவது பெரிய இழப்பு. மோனோவில் குரல் அந்தத் தந்திகளுக்குள்ளிருந்தே எழும். (இதே ஆல்பத்தின் 'லவ் யூ டூ'வில் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை உறையிலேயே அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டு 'விதின் யூ விதவுட் யூ'வில் தில்ரூபாவும் தபலாவும் வாசித்த இந்தியக் கலைஞர்களின் பெயர் உறையில் இல்லை. அவர்களையும் உங்கள் இதழ் எழுத வேண்டும்.)

எல்லாவற்றிலும் மோனோதான் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். 1968இன் 'ஒயிட் ஆல்பம்' இரண்டிலும் கேட்க வேண்டியது. 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்' மோனோவில் மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்டீரியோவில் நாலரை நிமிடம் ஓடி, டிரம்ஸ் வாசித்து விரல் கொப்பளித்த ரிங்கோவின் கூச்சலோடு முடியும். அந்த முடிவை இழக்கக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டின் 'ஐ ஆம் த வால்ரஸ்' மோனோ மிக்ஸின்போது பிபிசி வானொலியில் போய்க்கொண்டிருந்த 'கிங் லியர்' நாடகத்தை நேரடியாக உள்ளே கலந்தார்கள். அதை மீண்டும் செய்ய முடியாததால், அன்றைய ஸ்டீரியோவின் பின்பாதி மோனோவிலிருந்து எடுத்த போலி ஸ்டீரியோ. பாதியில் ஒலி திடீரென்று மாறுவதைக் கவனியுங்கள். 'அபே ரோடு' ஆல்பம் எட்டு டிராக்கில் ஸ்டீரியோவுக்காகவே செய்தது. அதற்கு மோனோ தேடி அலைய வேண்டாம்.

குறுந்தகடு வாங்குவோர் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1987இல் வந்தவற்றில் முதல் நான்கு ஆல்பங்கள் மோனோ. 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' இரண்டும் ஜார்ஜ் மார்ட்டின் 1986இல் புதிதாகச் செய்த ஸ்டீரியோ மிக்ஸ். 2009 ஸ்டீரியோ பதிப்பிலும் அதுவே தொடர்கிறது. 1965இன் அசல் ஸ்டீரியோ வேண்டுமானால், வேடிக்கையாக, மோனோ ஆல்பங்களை ஒன்றாக அடைத்து 2009இல் வந்த பெட்டியில்தான் அது கூடுதலாக இருக்கிறது. முழுப் பெட்டியும் விலை அதிகம் என்றால் 2017 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' பெரிய பெட்டியிலும், 2022 'ரிவால்வர்' ஐந்து தகட்டுப் பெட்டியிலும் அசல் மோனோ உண்டு. அந்த இரண்டிலும் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினின் புதிய ஸ்டீரியோ மிக்ஸும் இருக்கிறது. ஒரே டிராக்கில் ஒட்டிப்போன வாத்தியங்களை 'ரிவால்வர்' பதிப்புக்காகக் கணினியால் பிரித்தெடுத்ததால் குரலை நடுவுக்குக் கொண்டுவர முடிந்தது. ஹெட்போனில் கேட்பவர்களுக்கு 1966 ஸ்டீரியோவைவிட இது எவ்வளவோ மேல்.

பழைய எல்பி வாங்குவோர் உறையை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே தட்டு மாறியிருக்கலாம். பிரிட்டிஷ் பார்லஃபோன் நிறுவன வெளியீடுகளில் பிஎம்சி என்று தொடங்கும் எண் மோனோ, பிசிஎஸ் என்றால் ஸ்டீரியோ. லேபிளைச் சுற்றி, பாட்டு முடிந்த வெற்றிடத்தில் பொறித்த எண் எக்ஸ்இஎக்ஸ் என்றால் மோனோ, ஒய்இஎக்ஸ் என்றால் ஸ்டீரியோ. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படிக்கலாம். அமெரிக்காவின் கேபிடல் நிறுவனத் தட்டில் 'டியோஃபோனிக்' என்று இருந்தால் வாங்காதீர்கள்: மோனோவையே அடித்தொனி ஒரு பக்கம், மேல்தொனி ஒரு பக்கம் என்று பிரித்துச் சற்றுத் தள்ளி ஓடவிட்ட வித்தை அது.

இன்னொன்று. மோனோவை இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் பாட்டு சரியாக நடுவிலிருந்து, ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். அப்படி வராமல் ஒலி பரவி, பேஸ் என்னும் அடித்தொனி காணாமல் போனால் பதிவின் மேல் பழி போடாதீர்கள். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் கம்பிகள் மாறியிருக்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு அந்த ஒரு ஸ்பீக்கரின் பின்னால் மட்டும் கம்பிகளை மாற்றிச் செருகுங்கள். சரவுண்ட் பொத்தானையும் அணைத்துவிடுங்கள். எல்பியில் கேட்பவர்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் போடுங்கள். ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் பொரிச்சல் பெருமளவு குறையும்.

அடுத்த பட்டியலைக் கேட்கும்போது ஆல்பத்தின் பெயரோடு எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த மிக்ஸ் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வரி கூடுதல் இடம்தான் ஆகும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்,
திருச்சி