வாசலில் வேப்பிலை கட்டிய அப்பத்தாவுக்கு

தங்கச்சிமடம் சொந்தங்களுக்கும் கடற்கரைச் சனங்களுக்கும்,

தீக்காயம் பட்டுப் படுத்திருந்த என் வீட்டுக்காரர் நேற்று தானே சட்டையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன். அன்றைக்கு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

படகிலிருந்து தூக்கி வந்தவர்கள், 108 வண்டியில் மதுரை வரைக்கும் கூடவே வந்த தம்பிகள், ரத்தம் கொடுத்த காலேஜ் பிள்ளைகள், கடலுக்குப் போகாத நாளுக்கும் பங்குக் காசு கொண்டுவந்து கொடுத்த படகுக்காரர், கட்டு மாற்றிய நர்சம்மாக்கள், கோயிலிலும் சர்ச்சிலும் ஏர்வாடி தர்காவிலும் வேண்டிக்கொண்டவர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எதிர்வீட்டு அப்பத்தாவைப் பற்றித்தான் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்பில் 20 சதவீதத்துக்கு மேல் வெந்துவிட்டால் தோல் மட்டும் போவதில்லை, எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடுமாம். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் இருந்தாலும் புண் இருக்கும் இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. கசியும் நீரோடு புரதமும் நோயை எதிர்க்கும் சத்தும் சேர்ந்தே போய்விடும். நம் கையில் சும்மா இருக்கும் கிருமி அவருக்கு ரத்தம் வரைக்கும் ஏறிவிடலாம். புண் மூடினாலும் பழைய பலம் திரும்ப மாதக்கணக்காகும், கூட்டம் சேர்க்காதீர்கள் என்றார்.

நம்ம ஊரில் இதை எப்படிச் சொல்வது? பார்க்க வராதவரைத்தானே நாம் குறை சொல்வோம். முதல் நாளே வாசல் நிறையச் செருப்பு. ஆரஞ்சுப் பையோடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையைப் பிடிக்கிறார்கள். பாசத்தோடு வந்தவர்களை எழுந்து போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுப்படியில் நின்று அழுதேன்.

மறுநாள் விடிகாலை கதவைத் திறந்தால் நிலையில் வேப்பங்கொத்து தொங்குகிறது, அம்மை கண்ட வீட்டில் கட்டுவது போல. அப்பத்தா கீழே உட்கார்ந்து மிச்ச வலைநூலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம் ஆத்தா. இதைப் பாத்தா யாரும் படி ஏற மாட்டாக."

யாரும் ஏறவில்லை. தெருவில் நின்றே நலம் கேட்டீர்கள். முட்டையும் விளமீனும் திண்ணையில் வைத்துவிட்டுப் போனீர்கள். மனசு கேட்காமல்தான் திரும்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். வராமல் இருந்ததற்கு நன்றி.

கொத்து வாட வாட அப்பத்தா புதுசு கட்டினார். தூக்கி வளர்த்த பிள்ளையை அவரும் ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்த்தார்.

இனி இந்தக் கரையில் எந்த வீட்டில் தீக்காயம் பட்டவர் படுத்திருந்தாலும், நான் வேப்பங்கொத்தோடு வருவேன். கட்டிவிட்டு, படி ஏறாமல் திரும்பிவிடுவேன்.

ஆட்கள் வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று காலை கொத்தை நான் அவிழ்த்துவிட்டேன். உள்ளே வாங்க அப்பத்தா.