காணிக் கந்தோரில உதவின அண்ணைக்கு நன்றி

யாழ்ப்பாணத்தில காணிப்பதிவுக் கந்தோரில போன கிழமை எனக்குப் பக்கத்தில இருந்த, கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சிருந்த அண்ணைக்கு (பேர் கேக்க முதல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டார்) பெரிய நன்றி.

எங்கட பூட்டன் மலாயாவில ரயில்வேயில வேலை செய்தவர் எண்டது மட்டும்தான் வீட்டில தெரியும், படம் கூட இல்லை, அவற்ற பேரில தேடினா ஒரு காணி உறுதியும் (பத்திரமும்) வரேல்லை. அண்ணைதான் சொன்னவர், "தம்பி, பூட்டியின்ர பேரில தேடிப் பாரும்". தேசவழமையில (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) சீதனக் காணி பெண்சாதின்ர பேரில, ஆனா அவ அதை விக்கிறதெண்டா புருசன் சம்மதம் குடுக்கோணும், அதால அவற்ற பேரும் உறுதியில விழும் எண்டார். விழுந்துதான் கிடந்தது! ரெண்டு பரப்புத் தோட்டக்காணி, கிணத்துப் பங்கு, வழிவாய்க்கால் உரித்தோட வித்திருக்கினம், பூட்டன் மலாயாவில தைப்பிங்கில இருந்து அற்றோணி (தனக்குப் பதிலா கையெழுத்து வைக்கிற அதிகாரம்) குடுத்திருக்கிறார், தொழில் ரயில்வே கிளாக். நொத்தாரிஸின்ர கிறுக்கல் எழுத்தை அண்ணை பேப்பர் வாசிக்கிற மாதிரி வாசிக்க வாசிக்க நான் ஃபோனில டைப் பண்ணினன்.

தைப்பிங் எண்டா லேசான இடமில்லை, மலாயாவின்ர முதல் ரயில் பாதை 1885இல அங்கயிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடினது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின்ர பழைய பேப்பர்களை நெட்டில காசில்லாமல் பாக்கலாம் எண்டதும் அவர் சொன்னதுதான், இப்ப இரவில நித்திரை இல்லை, வெள்ளைக்காரன் எங்கட பேரை எப்பிடியெல்லாம் எழுதி வச்சிருக்கிறானோ எண்டு எல்லா ஸ்பெல்லிங்கிலயும் தேடிக்கொண்டிருக்கிறன்.

அண்ணை, இதைப் பாத்தா ஒரு மெசேஜ் போடுங்கோ, உறுதியில வடக்கெல்லைக் காணிக்காரர் எண்டு கிடக்கிறவரைப் பற்றியும் கேக்கக் கிடக்கு.