நோர்ட்டன்பிரிட்ஜ் வீதியால் வா, மகளே

கொட்டகலை,
மார்ச் மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும் அதனோடு நீ அனுப்பிய வரைபடமும் கிடைத்தன. வருகிற தை மாதம் உன் தோழியோடு ஊருக்கு வரும்போது, யட்டியாந்தோட்டையிலிருந்து களனி கங்கையின் கரையோரமாகச் சைக்கிளில் புறப்பட்டு, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வழியாக ஹோட்டன் சமவெளி வரை ஆறு நாட்களில் ஏறிவிடலாம் என்று சிவப்புக் கோடு போட்டிருக்கிறாய். அந்தக் கோட்டை உன் அம்மாவும் நானும் மேசையில் விரித்து இரண்டு மாலைகள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "பஸ் ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, பிறகு பிள்ளை ஏன் மிதித்துக்கொண்டு வர வேண்டும்?" அன்று என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை. ஆகவே உன் கோட்டில் ஒரு பகுதியையாவது நானே போய்ப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவதென்று முடிவு செய்தேன். இக்கடிதம் பிந்தியதற்கு அதுவே காரணம்.

ஆம், சைக்கிளில்தான் போனேன். பின்கட்டில் சாக்கு மூடிக் கிடந்த பழைய லுமாலா உனக்கு நினைவிருக்கும் என்று எண்ணுகிறேன். உன் மாமா அதைத் தன் கடைக்குக் கொண்டுபோய் டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் மாற்றினார். இருக்கையை உயர்த்த அவர் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும். துருப்பிடித்து இறுகிப்போன அந்தக் குழாயை மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்த பிறகே அசைக்க முடிந்தது. கழன்று வந்தபோது, அது இத்தனை ஆண்டுகளாக எந்த உயரத்தில் நின்றது என்பதைக் காட்டும் துரு வளையம் ஒன்று அதில் தெரிந்தது. உன் பன்னிரண்டாவது வயதில் விளையாட்டு மைதானத்தில் நீ ஓட்டப் பழகியபோது மாமா உனக்காகத் தாழ்த்தி வைத்த உயரம் அது. பெண்பிள்ளை லயத்து வரிசை வீடுகளின் வீதியில் சைக்கிள் ஓடினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று நினைத்து, ஆசிரியராக இருந்த நானே அதைப் பின்கட்டில் வைத்துப் பூட்டினேன். நீ அழவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. அது சரியான காரியம் அல்ல என்று இப்போது எழுதுகிறேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இனி வழியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவிசாவளையிலிருந்து நுவரெலியா வரை ஏறத்தாழ 119 கிலோமீற்றர் நீளும் ஏ-7 பெருந்தெருவையே நீ முழுவதும் பிடித்திருக்கிறாய். கித்துல்கலை வரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமாவுக்குத் தெரிந்த ஒருவருடைய லொறியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு யட்டியாந்தோட்டையில் இறங்கி, விடியற்காலையில் மிதிக்கத் தொடங்கினேன். இறப்பர் தோட்டங்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே தெரு வளைந்து வளைந்து செல்கிறது. ஏற்றம் பெரிதாகத் தெரியாது, ஆனால் வெக்கை தெரியும். கித்துல்கலையை நெருங்கும்போது ஆற்றுக்கு அக்கரையில் காடு மலைச்சரிவு முழுவதையும் மூடிக்கொண்டு நிற்கிறது. நம்முடைய குளிர்மலைக் காடு போலன்றி உயரமான மரங்களும் கொடிகளும் பிரம்பும் அடர்ந்த தாழ்நில மழைக்காடு அது. மழை பெய்த மறுநாள் உள்ளே கால் வைத்தால் அட்டை ஏறும், சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு போ. ஆற்றில் இறப்பர்ப் படகு விடும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குளிக்க ஆசைப்பட்டால் அவர்களைக் கேட்காமல் பாறையில் இறங்காதே. மேலேயுள்ள மின்நிலையங்களிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால், வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு சட்டென்று உயர்ந்துவிடும்.

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வரையான ஏற்றம்தான் உன் பயணத்தின் முதல் சோதனை. என்னிடம் இருந்தது ஒற்றைக் கியர்; மிதித்த தூரத்தைவிடத் தள்ளிய தூரமே அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. தள்ளிக்கொண்டு நடந்ததால் ஒன்று கிடைத்தது. இதே தெருவில் எத்தனையோ முறை பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு முன் இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தேனே தவிர, இறப்பர் எந்த இடத்தில் முடிந்து தேயிலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை இந்த வயதில்தான் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியில் மிளகுக்கொடியும் கமுகும் கித்துளும் வீட்டுத் தோட்டங்களாக நிற்கின்றன. அதற்குமேல் காற்றின் மணமே மாறிவிடுகிறது, சட்டை முதுகில் ஒட்டியிருந்த இடம் குளிரத் தொடங்குகிறது. அம்மாவின் கேள்விக்கு விடை அந்த வளைவில் கிடைத்தது என்று அவளிடம் சொன்னேன். "தள்ளிக்கொண்டு நடப்பதற்குச் சைக்கிள் எதற்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கினிகத்தேனையில்தான் உன் கோட்டை நான் மாற்றச் சொல்கிறேன். பெருந்தெரு அங்கிருந்து வட்டவளைப் பக்கமாகத் திரும்பி ஹட்டனுக்குப் போகிறது. அது நல்ல தெரு. ஆனால் ஆற்றோடு போக வேண்டுமென்று எழுதியவள் நீ, அந்தத் தெருவோ அந்த இடத்தில் களனியைக் கைவிட்டுவிடுகிறது. வட்டவளைப் பக்கத்து ஓடைகள் நாவலப்பிட்டிக்கு இறங்கி மகாவலியில் சேருகின்றன. களனியின் தாய் ஓடைகளைப் பார்க்க வேண்டுமானால் நோர்ட்டன்பிரிட்ஜ் வீதியால் வர வேண்டும். ஒடுங்கிய வீதி, ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், கடைகள் குறைவு. கினிகத்தேனையில் போத்தல்களை நிரப்பிக்கொள், இரண்டு ரொட்டியாவது கட்டிக்கொள்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடித்தான் களனி கங்கை ஆகிறது என்று உனக்கு ஐந்தாம் வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன். புத்தகத்தில் அது ஒரு வரி. அங்கே போய் நின்றால், ஆறு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மஸ்கெலியா ஓயாவின் நீரை மவுசாக்கலையில் தேக்கி, கனியன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று ஒரு மின்நிலையத்திலிருந்து அடுத்ததற்குச் சுரங்கங்கள் வழியாகக் கொண்டுபோகிறார்கள். கெஹெல்கமு ஓயாவை காசல்ரீயிலும் நோர்ட்டன்பிரிட்ஜிலும் மறித்திருக்கிறார்கள். இடையில் ஆற்றுப் படுகையில் யானைக்கூட்டம் படுத்திருப்பதுபோலப் பாறைகள் மட்டும் கிடக்கின்றன. இந்த ஓடைகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் விளக்கமாக எழுதியளித்தார்; லக்ஷபானவின் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். நோர்ட்டன்பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு இன்று அவருடைய பெயர்தான். நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்த இந்தப் பள்ளத்தாக்கின் லயங்களில், நான் படித்தது குப்பி விளக்கில் என்பதையும் உன் தோழியிடம் சொல், அவள் வியப்பாள்.

உன் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் தபால்காரராக இருந்தவர். தோட்டத்துத் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலையில் ஹட்டனுக்கு நடந்துபோய் மாலையில் நடந்து வருவார். மழையானால் கம்பளியைத் தலையில் போட்டுக்கொள்வார், பையை மட்டும் இறப்பர்த் துணியில் சுற்றிவிடுவார். தோட்டத்திலிருந்து ஒரு சைக்கிள் தருகிறோம் என்றபோது, மேட்டில் அதையும் சேர்த்துச் சுமக்க என்னால் முடியாது என்று மறுத்தாராம். கினிகத்தேனை ஏற்றத்தில் அவரை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

நோர்ட்டன்பிரிட்ஜில் என் பழைய மாணவர் ஒருவருடைய வீட்டில் தங்கினேன். உங்களையும் அங்கேயே தங்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலையில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கமாக டிக்கோயாவுக்கு வந்தேன். தேயிலைச் சரிவுகள் நேரே நீருக்குள் இறங்குகின்றன. வரிசையாகச் சவுக்கு மரங்கள், நடுநடுவே கோயில் கோபுரங்கள், வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் சிவனொளிபாதமலையின் கூர்முனை. டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் மேட்டின் உச்சியில் கொஞ்சம் நின்று பார். பின்னால் விழும் மழைத்துளி களனியோடு கொழும்புக்குப் போய் மேற்குக் கடலில் சேரும். முன்னால் விழுவது மகாவலியோடு 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக் கடலில் சேரும். நாற்பது ஆண்டுகளாக அந்த மேட்டில் பஸ்ஸுக்காகக் காத்துநின்றிருக்கிறேன், ஒருநாளும் இதை யோசித்ததில்லை.

ஹட்டனுக்கு மேலுள்ள பகுதியை நான் இம்முறை ஓட்டவில்லை. ஆனால் அது நம் வாசல், உனக்கே தெரியும். கொட்டகலையில் வீட்டுக்கு வந்து ஒரு நாள் இளைப்பாறாமல் நுவரெலியாவுக்குப் போக நினைக்காதே. பத்தனையைத் தாண்டியதும் டெவன் நீர்வீழ்ச்சியும் பிறகு செயின்ட் கிளயரும் வரும். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கிய பிறகு செயின்ட் கிளயர் நீ சிறுவயதில் பார்த்த அகலத்தில் விழுவதில்லை. நானுஓயாவுக்குக் கீழேயுள்ள ரதல்ல குறுக்கு வீதியில் ஏறவோ இறங்கவோ வேண்டாம். செங்குத்தான அந்த வீதியில் விபத்துகள் நடந்துகொண்டே இருக்கின்றன. சுற்றுவழிதான் பெருந்தெரு, அதிலேயே வா. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; தை மாத விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் நாட்களும் உண்டு, சுவிஸ் குளிரைப் பார்த்தவள் என்ற தைரியத்தில் கையுறையை விட்டுவிட்டு வராதே. அம்பேவெல கடந்து பட்டிப்பொல ரயில் நிலையம் வரை மிதித்து, சைக்கிள்களை அங்கே எவரிடமாவது ஒப்படைத்துவிட்டு, ஹோட்டன் சமவெளிக்கு வேன் பிடித்துப் போவதே என் விருப்பம். நாட்டிலேயே உயரமான அந்த ரயில் நிலையம் 1,891 மீற்றரில் இருக்கிறது. அதற்கு மேலும் ஏறிக் களைத்தால் மரைகளையும் முகில் மூடிய குட்டை மரங்களையும் பார்க்கக் கண் ஓடாது. களனி, மகாவலி, வளவை மூன்றுக்கும் நீர் அந்தச் சமவெளியிலிருந்துதான் பிறக்கிறது. அதை அவசரமாகப் பார்த்துவிட்டு வருவதென்றால் யட்டியாந்தோட்டையிலிருந்து மிதித்ததற்கே பொருளில்லை. ஆறு நாட்களை ஒன்பதாக்கு.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கினிகத்தேனை, நோர்ட்டன்பிரிட்ஜ், வட்டவளைப் பக்கம் மாதக்கணக்கில் நனையும்; மண் சரியும். தை, மாசிதான் இந்தச் சரிவுக்கு ஏற்ற காலம். ஆனால் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமாதலால், வார இறுதிகளிலும் பௌர்ணமிப் போயா நாட்களிலும் ஹட்டன், டிக்கோயா வீதிகளில் இரவு முழுவதும் பஸ்களும் வேன்களும் ஓடும். தூக்கம் கெட்ட சாரதிகள் விடியற்காலையில் திரும்பி வருவார்கள். அந்த நாட்களில் ஓய்வெடுத்துக்கொள். ரைன் ஆற்றங்கரையில் உங்களுக்கென்று தனிப்பாதை இருப்பதாக எழுதியிருந்தாய். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது, வாகனமும் இடப்பக்கம்தான் ஓடும். பின்னால் பஸ் ஹோன் அடித்தால் அது கோபமல்ல, வருகிறேன் என்ற அறிவிப்பு. வீதியோரக் கானுக்குள் விழாத அளவுக்கு ஒதுங்கிக் கொடு.

இறக்கங்களில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே வராதே, விட்டு விட்டுப் பிடி என்று மாமா சொல்லச் சொன்னார். நோர்ட்டன்பிரிட்ஜுக்கு முன்னால் ஓர் இறக்கத்தில் நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்து, இறப்பர் கருகும் வாசனை வந்ததும் இறங்கி நடந்தேன். பிரேக் கட்டை இரண்டு சோடி மேலதிகமாகக் கொண்டு வா. உன் சைக்கிளுக்குப் பொருந்துவது ஹட்டனில் கிடைக்காது என்கிறார்.

அம்மா ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நோர்ட்டன்பிரிட்ஜுக்கு வந்து உங்களுக்குச் சாப்பாடு தருவதாக இருக்கிறாள். ரொட்டியும் மாசிச் சம்பலும் என்று பேச்சு, கூடவே என்னவெல்லாம் வருமோ தெரியாது. உனக்கும் உன் தோழிக்கும் ஆட்சேபனை இல்லையென்றால், மறுநாள் அங்கிருந்து டிக்கோயா வரை நானும் லுமாலாவில் கூட வருகிறேன். மேடுகளில் எனக்காக நீங்கள் நிற்க வேண்டாம். தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவேன். பதில் எழுது.

அன்புடன்,
அப்பா