ஸ்ப்ராக்கெட் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள கார்த்தி,

தாத்தாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் முன் ஸ்ப்ராக்கெட்டில், அதுதான் எஞ்சின் பக்கம் செயினை இழுக்கும் பல் சக்கரத்தில், ஒரு பல் கூடப் போட்டால் மணிக்கு 120 கிலோமீட்டர் போகும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சாமான் வாங்கப் போகிறாயாமே, தங்கச்சி சொன்னாள். வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்.

வண்டியின் உச்ச வேகத்தைக் கியர் ஒரு பக்கம் கட்டுப்படுத்துகிறது, காற்று இன்னொரு பக்கம். இரண்டில் எது குறைவாக வருகிறதோ அதுதான் உனக்குக் கிடைக்கும்.

கியர் கணக்கு சுலபம். ப்ளக்கைக் கழற்று, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டோவின் மூடியைத் திற, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நாலாவது கியரில் போடு. பின் சக்கரத்தைக் கையால் சரியாக ஒரு சுற்று சுற்றி, மேக்னெட்டோ எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணு. அப்புறம் டயரில் ஒரு கோடு போட்டு, நீ மேலே உட்கார்ந்துகொண்டு யாரையாவது தள்ளச் சொல், ஒரு சுற்றுக்குத் தரையில் எவ்வளவு தூரம் போகிறது என்று டேப்பால் அளந்துகொள். ஆள் உட்காராமல் அளந்தால் டயர் அமுங்காது, தூரம் கொஞ்சம் கூடக் காட்டும். எட்டு சுற்று, 1.85 மீட்டர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இந்த எஞ்சின் தன் முழு 11 குதிரைத்திறனைத் தருவது 7500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். 7500-ஐ எட்டால் வகுத்து, 1.85-ஆலும் அறுபதாலும் பெருக்கினால் மணிக்கு 104 கிலோமீட்டர். ஒரு பல் கூட்டினால் 110-ஐத் தாண்டும், உனக்குச் சொன்னவர் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டார்.

காற்றைக் கேட்க வேண்டாமா? 11 குதிரைத்திறன் என்றால் 8.1 கிலோவாட். கியரிலும் செயினிலும் போவது உத்தேசமாக 15 சதவீதம், சக்கரத்துக்கு வருவது 6.9. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது காற்றுக்குக் காட்டும் பரப்பை, வடிவத்தின் தடை எண்ணையும் சேர்த்து, 0.6 சதுர மீட்டர் என்று வைக்கலாம், டேங்க் மேல் படுத்தால் 0.45. டயர் உருளும் தடையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், நிமிர்ந்தால் 94, படுத்தால் 103. நீ உட்காரும் விதத்திலேயே ஒன்பது கிலோமீட்டர் போய்விடுகிறது பார்!

காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும். அதாவது பத்து சதவீதம் வேகம் கூட வேண்டுமானால் முப்பத்துமூன்று சதவீதம் சக்தி வேண்டும். புகாட்டி வேரான் கார் 2005-இல் 1001 குதிரைத்திறனோடு 407 கிலோமீட்டர் போனது. 2010-இல் வந்த சூப்பர் ஸ்போர்ட்டில் 1200 ஆக்கினார்கள், 431 போனது. இருபது சதவீத சக்திக்கு ஆறு சதவீத வேகம், மும்மடிக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அவ்வளவு பணம் கொட்டிச் செய்த காருக்கும் காற்று விட்டுக்கொடுக்கவில்லை. (ஊட்டியில் காற்று மெல்லிசு, அங்கே ஓட்டினால் என்ன என்று கேட்பாய். எஞ்சினுக்கும் அதே மெல்லிய காற்றுதானே கிடைக்கும், சக்தியும் கூடவே இறங்கிவிடும்.)

உன் வண்டிக்கு இரண்டு எல்லையும் 103, 104 என்று கிட்டக் கிட்ட நிற்கின்றன. கியர் போட்டவர்கள் கணக்குத் தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். ஒரு பல் கூட்டினால் அதே 103-இல் எஞ்சின் 7000-க்குக் கீழே சுற்றும், அங்கே அதற்கு முழு சக்தி கிடையாது, டூ ஸ்ட்ரோக்கில் இது நன்றாகவே தெரியும். வேகம் கூடாது, குறையும். பிக்கப்பும் போய்விடும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக 60-இல் போக வேண்டும், எஞ்சின் கொஞ்சம் நிதானமாகச் சுற்றினால் போதும் என்றால் சொல், அதற்கு ஒரு பல் கூட்டுவது நியாயம்.

ஸ்பீடோமீட்டர் முள்ளை நம்பாதே, அது அதிகமாகத்தான் காட்டும். போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார், அதுவும் 60, 70-க்குள். இரண்டு பக்கமும் டிரம் பிரேக் கண்ணா, 100-இல் நிறுத்த வேண்டிய ஆற்றல் 50-இல் இருப்பதைப்போல் நாலு மடங்கு. பிரேக் லைனிங்கை மாற்றிவிட்டாயா இல்லையா என்று முதலில் எழுது. ஸ்ப்ராக்கெட்டுக்கு எடுத்து வைத்த காசில் லைனிங்கும் ஒரு நல்ல ஹெல்மெட்டும் வாங்கு, பத்தாவிட்டால் நான் அனுப்புகிறேன். மேக்னெட்டோ சுற்றையும் டயர் அளவையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அளந்து வாட்ஸ்அப்பில் போடு, உன் உண்மையான எண்களை வைத்து மறுபடி கணக்குப் போடுவோம்.

அம்மா