பூங்கன்றுகளை மண்ணறிந்து விற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாசியில் யாழ்ப்பாணத்தில் நடந்த பூங்கன்றுச் சந்தையொன்றில், இளவேனிலில் பூத்துக் குலுங்கும் என்று சொல்லப்பட்டதை நம்பி, மலைநாட்டிலிருந்து வந்த இரண்டு ஹைட்ரேஞ்சியாக் கன்றுகளும் ஒரு வெட்சியும் வாங்கினேன். முன்னவை பங்குனி வெயிலிலேயே கருகிவிட்டன. வெட்சியோ, இலை நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதியெல்லாம் மஞ்சளாக வெளிறியது; சுண்ணாம்புக் கற்பாறைமேல் அமைந்த எமது நிலத்திலும் கிணற்றுநீரிலும் காரத்தன்மை மிகுந்திருப்பதால், வேர்கள் இரும்புச்சத்தை உறிஞ்ச இயலாமற் போவதே அதற்குக் காரணம். மாட்டெருவும் இலைக்குழையும் மண்ணில் தாழ்த்திய பின்னரே அதன் புதுத்துளிர் பச்சை கண்டது.

கன்று எங்கே வளர்ந்தது, எந்த மண்ணை ஏற்கும் என்பவற்றைச் சாடியிலேயே எழுதி ஒட்டுமாறு சந்தை நடத்துவோர் விற்பனையாளரைக் கட்டாயப்படுத்த வேண்டும். எமது வெயிலுக்கு ஈடுகொடுக்கும் மல்லிகை, நந்தியாவட்டை, போகன்விலா ஆகியவற்றுக்கும் முன்வரிசையில் இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.