ராணுவ வாகனங்களுக்கு நீங்கள் அனுப்பிய பச்சைப் பெயிண்ட் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ராணுவ வாகன மேற்பூச்சு என்று விற்கப்பட்ட பெயிண்ட் ஆர்டரில் கேட்ட தரக்குறிப்புக்குப் பொருந்தாதது, அதனால் ஏற்பட்ட இழப்பு, எங்கள் பணியாளருக்கு ஏற்பட்ட உடல்நலப் பாதிப்பு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ராணுவ வாகனங்களைப் பிரித்துப் பழுதுபார்த்து, மறுபடி பெயிண்ட் அடித்துத் திருப்பிக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் பெயிண்ட் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் நிறுவனத்திடம் பச்சை மேற்பூச்சு 40 செட் வாங்கினோம். அதில் 29 செட் தீர்ந்துவிட்டது. எட்டு லாரிகள் அந்தப் பெயிண்டோடு எங்கள் வளாகத்தில் நிற்கின்றன. எட்டையும் ஏற்க முடியாது என்று வாகனங்களுக்கு உரியவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காரணத்தை உங்கள் விற்பனைப் பிரிவுக்கு மூன்று முறை போனில் சொன்னேன். மூன்று முறையும் "அடித்த விதத்தில் ஏதோ கோளாறு இருக்கும்" என்றுதான் பதில் வந்தது. அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறேன்.

ஏற்புச் சோதனை அன்று காலை வெயில் நன்றாக இருந்தது. பரிசோதகர் முதல் லாரியை வளாகத்தின் ஓரத்தில் உள்ள மரங்களுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். பக்கத்திலேயே, போன முறை வேறொரு தயாரிப்பாளரின் பெயிண்ட் அடித்த பழைய லாரி ஒன்றையும் நிறுத்தினோம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. உங்கள் பெயிண்ட் கொஞ்சம் புதுசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு அவர் அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி போட்ட கேமராவைத் திருப்பினார். திரையில் இலைகள் எல்லாம் பனி விழுந்தது போல வெளுத்துத் தெரிந்தன. பழைய லாரி அந்த வெளுப்போடு கிட்டத்தட்டக் கலந்து நின்றது. உங்கள் பெயிண்ட் அடித்த லாரி மட்டும் கரி அள்ளிப் பூசிய மாதிரி, சக்கரம் முதல் கூரை வரை கறுப்பாக நின்றது. யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த ஏழு லாரிகளையும் அதே இடத்தில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். எல்லாமே அப்படித்தான்.

இது ஏன் நடக்கிறது என்று உங்கள் ஆய்வகத்துக்குத் தெரியாமல் இருக்காது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் 700 நானோமீட்டரைத் தாண்டியதும் அகச்சிவப்பை அள்ளித் திருப்பி அனுப்பும். மரங்களுக்கு நடுவே மறைந்து நிற்க வேண்டிய வாகனத்தின் பச்சையும் அதே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் குரோமியம் ஆக்சைடு பச்சை போன்ற நிறமிகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறார்கள். கடையில் கிடைக்கும் மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, இருட்டாக்குவதற்குச் சாதாரணக் கரிக்கறுப்பை ஊற்றினாலும் கண்ணுக்கு அதே பச்சை கிடைத்துவிடும். ஆனால் கரி அகச்சிவப்பை விழுங்கிவிடும். இரவு நோக்குக் கருவி வைத்திருப்பவனுக்கு அந்த வாகனம் வெளுத்த இலைகளுக்கு நடுவே கறுப்பாகத் தனித்துத் தெரியும். அதற்குள் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். என் கோபத்துக்கு முதல் காரணம் அதுதான்.

இப்போது ஆர்டருக்கு வருகிறேன். ஆர்டர் தாளில் நான் எழுதிய வரி இது: "எம்ஐஎல்-டிடிஎல்-53039 தரக்குறிப்புப்படி, ஒற்றைப் பகுதி பாலியூரிதேன் மேற்பூச்சு, பச்சை 383, நிற எண் 34094." எம்ஐஎல்-டிடிஎல் என்பது அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பு வரிசை, பச்சை 383 என்பது அந்த நிறத்தின் பெயர். மீதி இரண்டு எண்கள்தான் இங்கே முக்கியம். 34094 என்பது நிற அட்டையின் எண். முதல் இலக்கம் 3 என்றால் பளபளப்பு இல்லாத மேட், அடுத்த 4 என்றால் பச்சை வரிசை. கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதோடு அந்த எண்ணின் வேலை முடிந்துவிடும். அகச்சிவப்பில் எப்படி இருக்க வேண்டும், ரசாயனத்தை எப்படித் தாங்க வேண்டும், பளபளப்பு எத்தனை அலகைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் 53039 என்ற அந்த இன்னொரு எண்ணுக்குள் இருக்கிறது. உங்கள் ஆட்கள் நிற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஷேட் மெஷினில் பொருத்திக் கலந்து, டின்னில் "மிலிட்டரி கிரீன், 34094" என்று ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

சரக்கு வந்த அன்றே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒற்றைப் பகுதி என்று கேட்டதற்கு, பெயிண்ட் ஒரு டின், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் ஒரு டின் என்று இரண்டு வந்திருந்தன. உடனே போன் செய்தேன். "இது இப்போதைய புது வகை, தரம் அதேதான், அடிக்க இன்னும் சுலபம்" என்று உங்கள் பிரதிநிதி சொன்னார். ராணுவப் பூச்சுகளில் இரண்டு பகுதி வகைகளும் உண்டு என்பதால் நம்பினேன். பேட்ச் சோதனை அறிக்கை கேட்டேன், "பின்னாடியே வரும்" என்றார். வாகனங்களைக் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அறிக்கை கைக்கு வருவதற்கு முன் டின்னைத் திறக்க அனுமதித்தேன். அந்த அவசரத்துக்கு நான் பொறுப்பு. ஆனால் கேட்டது ஒன்று, அனுப்பியது வேறொன்று என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அறிக்கை என்று கடைசியில் வந்தது ஒரே ஒரு பக்கம். 60 டிகிரி கோணத்தில் அளந்த பளபளப்பு, காயும் நேரம், ஒரு லிட்டரின் எடை, அவ்வளவுதான். 85 டிகிரி அளவு இல்லை. அகச்சிவப்பு எதிரொளிப்பு இல்லை. கேட்ட தரக்குறிப்பில் பச்சை 383-க்கு 60 டிகிரியில் 1 அலகு, 85 டிகிரியில் 3.5 அலகுதான் உச்சவரம்பு. நேரே பார்க்கும்போது மேட்டாகத் தெரியும் பூச்சு, சாய்வாகப் பார்க்கும்போது மின்னலாம். அந்தி வெயில் பக்கவாட்டில் படும்போது கதவும் பானட்டும் மின்னினால் வாகனம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதனால்தான் அந்த இரண்டாவது கோணத்தையும் அளக்கிறார்கள். நாங்களே மீட்டர் வைத்து அளந்ததில் உங்கள் பெயிண்ட் 85 டிகிரியில் 9-க்கும் 12-க்கும் நடுவே காட்டியது. கைப்பிடியைச் சுற்றி, ஆள் ஏறி இறங்கும் படியில், ஒரே வாரத்தில் தேய்ந்து வெளிறிய தடங்களும் விழுந்துவிட்டன.

அடித்த விதத்தில் கோளாறு என்ற பதிலுக்கு வருகிறேன். பழைய பூச்சு முழுவதையும் பிளாஸ்டிங் செய்து (துகளை வேகமாக வீசி எடுத்து), இரும்பை எஸ்ஏ 2½ என்ற, துரு கிட்டத்தட்ட முழுதாகப் போன நிலைக்குக் கொண்டுவந்து, எபாக்சி ப்ரைமர் 25 முதல் 38 மைக்ரான் வரை அடித்தோம். மேற்பூச்சு எந்த இடத்திலும் 46 மைக்ரானுக்குக் குறையவில்லை. ஒவ்வொரு லாரியிலும் 30 இடங்களில் அளந்த தாள் இருக்கிறது. இரும்பின் வெப்பம் பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விட 3 டிகிரிக்கு மேல் இருந்ததா என்று பார்த்துத்தான் ஸ்ப்ரே கன்னை எடுத்தோம். அந்தக் குறிப்பும் இருக்கிறது. எல்லாவற்றின் நகலும் இணைத்துள்ளேன். இன்னொன்றும் சொல்கிறேன். மோசமாக அடித்தால் ஒழுகும், சுருங்கும், உரியும். கரிக்கறுப்பு இல்லாத பெயிண்டை எப்படி அடித்தாலும் அதில் கரிக்கறுப்பு வந்துவிடாது. திறக்காத டின்னிலிருந்து எடுத்து ஒரு சிறிய தகட்டில் தடவிப் பார்த்தோம். அதுவும் கேமராவில் கறுப்பாகத்தான் தெரிந்தது.

கலக்கும் விகிதத்திலும் குழப்பம். டின் லேபிளில் அளவுப்படி 4:1, கூட வந்த தாளில் எடைப்படி 4:1. பெயிண்டும் ஹார்ட்னரும் ஒரே கனம் இல்லை, அதனால் இரண்டும் ஒன்றாகாது. ஹார்ட்னர் குறைந்தால் பூச்சு முழுதாக இறுகாது. இறுகாத பூச்சை ராணுவ வாகனத்தில் விட முடியாது. இந்த வாகனங்களுக்குச் சாதாரண ஆல்கைட் எனாமலைக் கைவிட்டு பாலியூரிதேனுக்குப் போனதே, கடுகு வாயு போன்ற ரசாயன ஆயுதம் எனாமலுக்குள் ஊறி இறங்கிவிடும் என்பதால்தான். மேலே கழுவினாலும் உள்ளே ஊறியது பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்து, தொடுபவரைத் தாக்கும். நச்சு நீக்கக் கழுவும் கரைசலையும் எனாமல் தாங்காது. நெருக்கமாக இறுகிய பாலியூரிதேன் அதை உள்ளே விடாது, கழுவலையும் தாங்கும். உங்கள் பெயிண்டை அந்தச் சோதனைக்கு எப்போதாவது உட்படுத்தினீர்களா என்று இரண்டு முறை கேட்டேன். பதிலே இல்லை.

இனி சொல்லப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பெயிண்ட் கலக்கும் வேலையில் 23 வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். ஸ்ப்ரே அறைக்குள் போகிறவர்களுக்கு வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி கொடுக்கிறோம். பழைய ஒற்றைப் பகுதி பெயிண்டில் ஹார்ட்னர் கலக்கும் வேலையே இல்லை என்பதால், கலக்கும் மேசையில் அந்த ஏற்பாடு இல்லை. உங்கள் டின்னோடு வந்த பாதுகாப்புத் தாளில் "கையுறை, சாதாரண முகமூடி போதும்" என்று இருந்தது. மூச்சைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனத்தின் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. ஹார்ட்னர் டின்னிலும் "ஆக்டிவேட்டர்" என்று மட்டுமே இருந்தது. ஒன்பது நாள் அவன் அந்த மேசையில் நின்று கலந்தான். ஒன்பதாம் நாள் சாயங்காலம், "அண்ணே, நெஞ்சை அடைக்குது" என்று வந்து உட்கார்ந்தான். உதடு வெளிறியிருந்தது. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, அந்த டின்னில் என்ன இருக்கிறது என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. உங்கள் அவசர எண்ணை யாரும் எடுக்கவில்லை. நான்கு நாள் கழித்து உங்கள் அலுவலகம் சரியான தாளை அனுப்பியபோதுதான், முதலில் வந்தது உங்கள் எனாமல் பெயிண்டுக்கான தாள் என்று தெரிந்தது. ஹார்ட்னரில் இருந்தது ஐசோசயனேட். அது ஒருவரின் உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா வந்துவிடும். ஆபத்தான அளவில் இருந்தாலும் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அதை அடிப்பவர்களுக்கு வெளிக்காற்று முகமூடி வேண்டும் என்கிறார்கள். இனி இந்தத் தொழிலில் எந்த பெயிண்ட் அறைப் பக்கமும் அவன் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஹார்ட்னர் என்றதுமே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அதை அவன் அப்பாவிடம் நேரிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உங்கள் தரப்பிலிருந்து இன்றுவரை யாரும் அவனை விசாரிக்கக்கூட இல்லை.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். மீதியுள்ள 11 செட்டையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, 40 செட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எட்டு லாரிகளிலும் உங்கள் பெயிண்டை எடுக்கும் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும். அது சின்ன வேலை இல்லை. பாலியூரிதேன் சாதாரண ரிமூவருக்கு அசையாது. கதவும் பானட்டும் மெல்லிய தகடு, கடினமான மணலை வேகமாக வீசினால் நெளிந்துவிடும், அதனால் பிளாஸ்டிக் துகள் வைத்து நிதானமாக எடுக்க வேண்டும். ஒரு லாரிக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு இணைத்திருக்கிறேன்.

அந்தத் தம்பியின் மருத்துவச் செலவு முழுவதையும், அவன் வேறு வேலை கற்றுக்கொண்டு நிற்கும் வரை அவன் சம்பளத்தையும் ஏற்க வேண்டும். இதில் பேரம் பேச நான் தயாராக இல்லை.

அப்புறம் உங்கள் லேபிள். எந்தத் தரக்குறிப்புக்கும் சோதிக்கப்படாத பெயிண்டில் "மிலிட்டரி" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பழைய ஜீப்பைப் புதுப்பித்து வீட்டு வாசலில் நிறுத்துகிறவருக்கு இந்தப் பச்சை போதும், அவருக்கு விற்பதில் தவறே இல்லை. எங்களைப் போல யாராவது கேட்டு வந்தால், உங்கள் ஆள் முதலில் கேட்க வேண்டியது வாகனம் எங்கே போகப் போகிறது, எந்தத் தரக்குறிப்பு வேண்டும் என்பதுதான். உங்களிடம் அந்தச் சரக்கு இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். நான் வேறு இடம் பார்த்திருப்பேன், எட்டு லாரிகளும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஏழு லாரிகளில் பெயிண்ட் எடுக்கும் வேலையை அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறோம். எட்டாவதைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். பேட்ச் எண் தெரியும்படி மூன்று டின்களை, இரு தரப்புக் கையெழுத்துக்கும் இடம் விட்டு முத்திரையிட்டு வைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் உங்கள் ஆய்வகத்திலிருந்து ஒருவர் கருவியோடு வரட்டும். எந்த நாள் வந்தாலும் காலை பத்து மணிக்குள் வரச் சொல்லுங்கள், அந்த நேரத்தில்தான் மரங்கள் மேல் வெயில் நேராக விழும்.

இப்படிக்கு,
பெயிண்ட் பிரிவு மேற்பார்வையாளர்

இணைப்பு: ஆர்டர் தாள் நகல், பூச்சுத் தடிம அளவுகள், வெப்பநிலை – ஈரப்பதக் குறிப்பு, இரண்டு பாதுகாப்புத் தாள்கள், அகச்சிவப்புப் படங்கள், மருத்துவர் சான்று, செலவுக் கணக்கு.