ரோஸ்தோவ்-டான் மகளிர் ஹேண்ட்பால் அணி ஆதரவாளர் சங்கம்: 2022ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராதிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு உரிய காலங்களில் கூடியது. உள்ளூர் ஆட்டங்களுக்குக் கொடிகளும் மேளங்களும் கொண்டு செல்லப்பட்டன. இளையோர் பிரிவுக்குப் பந்துகள் வழங்கப்பட்டன. புத்தாண்டு விருந்து நடந்தது.

சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த, நம் அணியின் வரலாற்றுத் தொகுப்பு நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. அதைக் குறித்துச் சிலர் தமக்குள் பேசிக்கொண்டவை என் காதுக்கும் எட்டின. 2015இல்தான் முதன்முறையாக ரஷ்யச் சாம்பியன் ஆன அணிக்கு இத்தனை பக்கங்கள் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அறுவடை இயந்திரத் தொழிற்சாலையான ரோஸ்த்செல்மாஷின் பெயரில் ஆடிய நம் அணி, 1990லேயே சோவியத் சாம்பியன் பட்டத்தையும், அதே ஆண்டில் அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அதற்குச் சற்று முன்புவரை, 1969 முதல் 1988 வரை, கீவ் ஸ்பார்டக் அணியே தொடர்ந்து 20 முறை சோவியத் பட்டம் வென்றிருந்தது. மற்ற ஊர் அணிகளெல்லாம் இரண்டாமிடத்துக்காகவே மோதிக்கொண்டிருந்தன. நாம் வென்ற மறு ஆண்டே சோவியத் ஒன்றியமே கலைந்துபோனதால், அந்த வெற்றியை நின்று கொண்டாடவும் யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

அந்த ஆண்டுகளின் அணிப் புகைப்படம் ஒன்று மூத்த உறுப்பினர் ஒருவரின் வீட்டு அலமாரியிலிருந்து கிடைத்தது. பின்புறத்தில் பென்சிலால் எழுதிய பெயர்களில் பாதி அழிந்துவிட்டன. அவற்றை அடையாளம் காட்ட வருவதாக வாக்களித்தவர்கள் பலர். வந்தவர் அந்த மூத்த உறுப்பினர் ஒருவரே.

2016ஆம் ஆண்டின் ரஷ்யப் பட்டம் அஸ்திரகான் அணிக்குச் சென்றதும், ரியோ ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான ஆன்னா வியாகிரெவா அதே ஆண்டில் நம்மிடம் வந்ததும், 2017இல் ஜெர்மனியின் பீட்டிக்ஹைமை வென்று ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பின் (இ.எச்.எஃப்.) கோப்பையைக் கைப்பற்றியதும், 2018இல் முதன்முறையாக, ஐரோப்பாவின் முதன்மைக் கழகப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் இறுதி நால்வருள் இடம்பிடித்ததும் நூலில் உரிய இடம் பெற்றுள்ளன. ஆனால் 2019 மே மாதத்து புடாபெஸ்ட் இறுதியாட்டத்துக்கு நான் நீண்ட அத்தியாயம் ஒதுக்கியதுதான், தோல்விக்கு இவ்வளவா என்ற முணுமுணுப்பைக் கிளப்பியது. அரையிறுதியில் பிரான்சின் மெட்ஸை 27-25 என வென்ற நம் அணி, இறுதியில் ஹங்கேரியின் கியோரிடம் 24-25 எனத் தோற்றது. அதே கியோரை நான்கு முறை ஐரோப்பியச் சாம்பியனாக்கிய அம்புரோஸ் மார்ட்டின்தான் அன்று நம் பயிற்சியாளர் என்பதை அறிந்தோர்க்கு, அந்த ஒரு கோல் எவ்வளவு கனமானது என்று விளக்க வேண்டியதில்லை. கோப்பைகளை மட்டும் எண்ணுவதற்குப் புத்தகம் வேண்டாம், அலமாரி போதும் என்பதே என் கருத்து.

உக்ரைனில் போர் தொடங்கியதும், கடந்த பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு ரஷ்ய அணிகளைத் தன் போட்டிகளிலிருந்து நிறுத்திவைத்தது. அன்றிலிருந்து நம் வருகைப் பதிவேடும் மெலிந்துவிட்டது. கியோர் வரும்போது குடும்பத்தோடு நுழைவுச்சீட்டு கேட்டவர்களை, உள்நாட்டு லீக் ஆட்டங்களில் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. சந்தா என்பது ஐரோப்பிய ஆட்டங்களுக்கான முன்பணம் அன்று என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஏறத்தாழப் பாதிப் பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. சிலருடையது இரண்டாம் ஆண்டாக.

வரவு, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. செலவு, பெரும்பாலும் கொடித்துணி, தட்டச்சு, படங்களைச் செப்பனிடுதல் ஆகியவற்றுக்கானது. கையிருப்பு சிறிதளவே உள்ளது. விவரங்களைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவர், பொருளாளர், விளையாட்டரங்க ஊழியர்கள், மேளம் அடித்த இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி உரித்தாகுக.

வரும் ஆண்டில் நூல் அச்சேற வேண்டும். அச்சகத்தார் முன்பணம் கேட்கிறார்கள். என்னைவிடத் திறமையாக இப்பொறுப்பை ஏற்க முன்வருபவரிடம் கோப்புகளை இன்றே ஒப்படைக்கவும் ஆயத்தமாக உள்ளேன். முன்வருபவர் சந்தா செலுத்தியவராக இருப்பது நலம். நிலுவை வைத்திருப்போர்க்கு வாக்குரிமை இல்லை என்ற விதியை இன்று வலியுறுத்தும் எண்ணம் எனக்கில்லை. எனினும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகிலேயே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்